நலமாக இருப்பவர்கள் வருவதில்லை

சொரிமுத்துவின் இதயம் பதினெட்டு நாட்கள் சொன்ன பேச்சைக் கேட்கும். பத்தொன்பதாம் நாள் சேட்டையை ஆரம்பித்துவிடும். முதலில் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளுகிற மாதிரி இருக்கும். மறுநாள் படபடப்பு. அதற்கும் மறுநாள் மாவு மில்லில் மூட்டையைத் தொட்டாலே கண்ணை இருட்டிக்கொண்டு வரும். இருபத்திரண்டாம் நாள் மனுஷன் மில்லைப் பூட்டிவிட்டு, துவைத்த வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, புறவழிச்சாலையில் இருக்கும் இதய மருத்துவமனைக்கு வந்து சேருவார்.

அங்கே ஜெபமணி சிஸ்டர் அவருடைய நெஞ்சின் மேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியை வைப்பாள். தோலுக்கு அடியில் இருக்கும் பேஸ்மேக்கருடன் அது பேசும். ஒரு முறை கீச்சிட்டால், உள்ளே இருக்கும் நிரலை, அதாவது புரோகிராமை, எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். இரண்டாம் முறை கீச்சிட்டால், புது நிரலைக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது கீச்சு முடிந்ததும் படபடப்பு நின்றுவிடும்.

"என்ன மாயமோ தெரியலட்டி, ஒங்க ஆஸ்பத்திரி வாசல மிதிச்சா சரியாயிருது" என்பார் சொரிமுத்து, தங்கை செண்பகவல்லியிடம். "அம்மன் கோயில் கணக்கால்லா இருக்கு."

அந்த நிரலை முதன்முதலில் எழுதியவளே செண்பகவல்லிதான். அண்ணன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு உள்ளூரக் குளிரும். புதன்கிழமைகளில் காத்திருப்புக் கூடத்தில் உட்கார இடமில்லாமல் ஜனங்கள் சுவரோரம் நிற்பதைப் பார்த்தாலும் குளிரும். பெருமையில் மிதக்கிறவர்களுக்குச் சந்தேகப்பட நேரம் இருப்பதில்லை. அவளுக்கும் இருக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அது இருபது வரி நிரல். ஒரு விநாடி துடிப்பு வரவில்லையா, ஒரு தட்டு தட்டு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். குட்டையில் நெளிகிற ஓரணு உயிருக்கு எவ்வளவு அறிவோ அவ்வளவு. படியேறினால் இதயம் வேகமாக அடிக்க வேண்டும் என்பது தெரியாது. தூங்கும்போது நிதானமாக விட்டுவிடலாம் என்பதும் தெரியாது. அதை வைத்துக்கொண்டவர்கள் உயிரோடு இருந்தார்கள். மாடிப்படியில் மயங்கி விழுந்தார்கள்.

எல்லாம் தெரிந்த நிரலை எழுத ஐம்பது பொறியாளர்கள் வேண்டும். மருத்துவமனையில் இருந்தது செண்பகவல்லி ஒருத்தி. அதனால் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, வளர்க்க ஆரம்பித்தாள். வருகிற நோயாளியிடமிருந்து நிரலை எடுப்பது, எல்லோருடைய நிரல்களும் சேர்ந்திருக்கும் கிடங்குக் கணினியில் அதை இன்னொன்றோடு கலப்பது, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றிரண்டு வரிகளை மாற்றுவது, ஆய்வகத்தில் இருக்கும் ரப்பர் இதயத்தில் மூன்று நாள் ஓட்டிப் பார்ப்பது. ரப்பர் இதயம் நிற்கவில்லை என்றால், அடுத்து வருகிறவருக்கு அது போகும். நல்லது தங்கும், கெட்டது கழியும். கோடி வருஷமாக உலகம் செய்துகொண்டிருப்பதை அவள் வாரத்துக்கு ஒரு முறை செய்தாள்.

ஆரம்பத்தில் அடிக்கடி கரண்ட் போகும்; கிடங்குக் கணினி படுத்துவிடும். "தூரத்துல இருந்து வந்தவங்களை வெறுமனே எப்படித் திருப்பி அனுப்ப?" என்று ஜெபமணி கேட்டாள். நியாயமான கேள்வி. கிடங்கிலிருந்து பதில் வராவிட்டால் தன்னிடம் கடைசியாகத் தங்கியிருக்கும் நிரலையே கொடுத்துவிடும்படி, நெஞ்சில் வைக்கும் கைக்கருவிக்குள் மூன்று வரி சேர்த்தாள் செண்பகவல்லி. பிறகு ஜெனரேட்டர் வந்தது. அந்த மூன்று வரியை அவள் மறந்துபோனாள்.

நிரல் மூன்றாம் வருஷம் படியேறக் கற்றது. நான்காம் வருஷம் தூங்கக் கற்றது. இப்போது தொண்ணூறாயிரம் வரிகள். எந்த வரி எதற்கு இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

தலைமை மருத்துவர் ஒரு நாள் காலை அவளைக் கூப்பிட்டு, சொரிமுத்துவின் ஸ்கேன் படத்தைக் காட்டினார். சுற்றி வளைக்கவில்லை. "ஒவ்வொரு தடவை படபடப்பு வரும்போதும் தசை கொஞ்சம் நைஞ்சுபோகுது, செண்பகவல்லி. இன்னும் ரெண்டு தடவை தாங்கும். மூணாவது தாங்காது."

அப்பா போன பிறகு மாவு மூட்டை சுமந்து அவளைப் படிக்க வைத்தவர் அண்ணன். தலைமுடியெல்லாம் மாவு படிந்து, கல்லூரி வாசலில் அவளுக்காக நின்றவர். அவர் இல்லாத ஒரு வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பயந்துபோனாள். பயத்தில்தான் முதன்முறையாக, அண்ணனுடைய பதிவை மட்டும் பார்க்காமல், ஆயிரத்து நானூறு பேருடைய பதிவையும் வரிசையாகத் திறந்து பார்த்தாள்.

எல்லோருக்கும் பத்தொன்பதாம் நாள்தான் ஆரம்பிக்கிறது. மருத்துவமனைக்கு வந்த நாளில் நிற்கிறது. வரத் தாமதமானால் நாளுக்கு நாள் கூடுகிறது. போன வருஷம் பதினொரு பேர் இறந்திருந்தார்கள். ஒருவருக்கு மகள் கல்யாணம். ஒருவருக்குக் கால் முறிவு. நான்கு பேர் வெள்ளத்தில் பாலம் அறுந்துபோன ஊர்க்காரர்கள். பதினொரு பேரும் வரமுடியாமல் போனவர்கள்.

மத்தியானம் கேன்டீனில் ஜெபமணியைப் பிடித்தாள்.

"சிஸ்டர், சளி பிடிச்சா இருமல் எதுக்கு வருது?"

"சளிய வெளிய தள்ள. என்ன மேடம், எனக்கே பரீட்சையா?"

"சளிக்கிருமிக்கு அதனால என்ன லாபம்?"

ஜெபமணி இருபத்தைந்து வருஷம் வார்டில் கிடந்தவள். யோசிக்கவே இல்லை. "பக்கத்துல நிக்கவன் மேல தெறிக்கும். அவனுக்கும் ஒட்டிக்கிடும்."

"இரும வைன்னு அந்தக் கிருமிக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. இரும வச்சது பரவுச்சு. இரும வைக்காதது அந்த ஆளோடயே முடிஞ்சுபோச்சு. இப்ப நம்ம புரோகிராமை எடுத்துக்கோங்க. அது இன்னொரு ஆளுக்குப் பரவணும்னா என்ன நடக்கணும்?"

ஜெபமணி டீ கிளாஸை மேசையில் வைத்தாள். "ஆளு இங்க வரணும்."

"வந்தாத்தான் நாம பிரதி எடுக்கோம்."

"ஆளை வர வைக்கதுக்கு..." ஜெபமணி முடிக்கவில்லை. அவளுடைய கை தன் நெஞ்சுக்குப் போனது. "அய்யோ மேடம். அது வேணும்னே செய்யுதா?"

"வேணும், வேண்டாம்னு நினைக்க அதுக்கு மூளையா இருக்கு? எப்பவோ ஒரு வரி கோணலா விழுந்திருக்கு. அது போன ஆளுக்குக் கொஞ்சம் படபடப்பு வந்திருக்கு. பயந்துபோய் அடிக்கடி வந்திருக்காங்க. அடிக்கடி வந்ததால அடிக்கடி பிரதி எடுத்திருக்கோம். ரப்பர் இதயத்துல மூணு நாள்தான் ஓட்டிப் பாக்கோம். பத்தொன்பதாம் நாளை அது எங்க பாத்துச்சு?"

"அந்த வரிய வெட்டிப் போடுங்க."

"வெட்டிப் பாத்தேன். நாலே நிமிஷத்துல ரப்பர் இதயம் நின்னுபோச்சு. அதே வரிகள்தான் பேட்டரியையும் பாத்துக்கிடுது, தூக்கத்தையும் பாத்துக்கிடுது. நமக்குச் சாப்பாடு போற தொண்டையிலதானே மூச்சும் போகுது? யாராவது உக்காந்து யோசிச்சுச் செஞ்சிருந்தா பிரிச்சு வச்சிருப்பாங்க. இது தானா வளர்ந்தது."

"பழைய புரோகிராம்?"

"அந்த இருபது வரியா? அண்ணன் இப்ப இருக்கிற இருப்புக்கு அதைப் போட்டா வீட்டு நடையைக்கூட ஏறமாட்டான். நடுவுல ஒன்னு இருந்திருக்கும் சிஸ்டர். படியேறக் கத்துக்கிட்டு, இந்தச் சேட்டையைக் கத்துக்காத ஒன்னு. ஆனா கிடங்குல இல்ல. அழிஞ்சுபோச்சு."

"எப்படி அழியும்?"

"ஒரு வருஷமா வராதவங்க புரோகிராமைக் கிடங்கு அழிச்சிரும். ஆளைக் காப்பாத்தாத புரோகிராமை எதுக்கு வச்சுக்கணும்? வராதவங்கன்னா இறந்துட்டாங்கன்னுதான..."

"யாரு சொன்னா?"

ஜெபமணி கேட்ட தொனியில் செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களும் இந்த ஊருக்காரங்கதான மேடம்?" என்றாள் ஜெபமணி. "நம்ம ஊர்ல நல்லா இருக்கவன் என்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கான்?"

ஒரு வருஷம் வராதவர் இறந்தவர் என்ற அந்த விதியைச் செண்பகவல்லி ஏதோ குளிர்நாட்டு ஆய்வுக்கட்டுரையில் படித்துவிட்டு எழுதியிருந்தாள். அங்கே கடிதம் போட்டால் ஜனங்கள் வருவார்கள். வராவிட்டால் ஆள் இல்லை. இங்கே அவளுடைய அம்மாவே தலைசுற்றல் நின்ற அன்றோடு ரத்த அழுத்த மாத்திரையைத் தூக்கிப் பரண்மேல் போட்டவள். இவளுக்கும் கடைவாய்ப் பல் வலி நின்று இரண்டு வருஷமாகிறது. பல் டாக்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இதெல்லாம் தெரிந்தவள்தான் அந்த விதியை எழுதினாள். ஆளை நலமாக வைத்திருந்த நிரல்களையெல்லாம், ஆள் வரவில்லை என்பதற்காக, எட்டு வருஷமாகத் தேடித் தேடி அழித்திருக்கிறாள்.

கிடங்கின் பட்டியலில் 'இறந்தவர்' என்று முந்நூற்று ஆறு பேர் இருந்தார்கள். அன்று மாலையே இரண்டு பேரும் உட்கார்ந்து போன் போட ஆரம்பித்தார்கள். பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. சிலர் உண்மையிலேயே இறந்திருந்தார்கள்; அந்த வீட்டுப் பெண்கள் போனில் அழுதார்கள். பிழைத்துக் கிடந்த ஐந்தாறு பேருக்குப் பேட்டரி தீர்ந்து, வேறு ஊர்களில் வேறு கருவி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஓர் எண்ணில், சுத்தியல் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆண்குரல் கேட்டது.

"மாடக்கண்ணு இருக்காங்களா?" என்றாள் செண்பகவல்லி.

"மாடக்கண்ணுதான் பேசுதேன். சத்தமாச் சொல்லுங்க, பந்தல் மேல நிக்கேன்."

"ஆஸ்பத்திரியில இருந்து பேசுதோம். நீங்க வந்து நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"நல்லாத்தான இருக்கேன், எதுக்கு வரணும்?"

செண்பகவல்லி போனைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மூன்று நாளாகத் தவம் கிடந்தாள்.

மறுநாள் காலை கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் யோசித்துச் செய்தாள். யாருக்கும் புது நிரல் எதையும் அனுப்பக் கூடாது என்று கிடங்குக்குப் பூட்டுப் போட்டாள். கைக்கருவியில் சார்ஜ் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள். எடுக்க மட்டும்தான் போகிறோம் என்று ஜெபமணியிடம் சொன்னாள்.

மாடக்கண்ணுவின் ஊர் மலையடிவாரத்தில் இருந்தது. போன வழியில் பாதிக்கு மேல் போனில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வந்தது. மாடக்கண்ணுவுக்கு அறுபத்தாறு வயது. கல்யாணப் பந்தல் போடுவது தொழில். இவர்கள் போனபோது மூங்கில் உச்சியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் சரசரவென்று இறங்கி வந்தார், மூச்சு வாங்கவில்லை. செண்பகவல்லி அந்த மார்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செத்தவங்க கணக்குல வச்சிருந்தியளாமே?" என்று சிரித்தார். "ஏ பேச்சித்தாய், கேட்டியா? நீ இத்தன நாளா பேயி கூடக் குடித்தனம் நடத்திருக்க!"

அவர் மனைவி பேச்சித்தாய் ஜெபமணியை அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செண்பகவல்லி விஷயத்தைச் சொன்னாள். அண்ணனைப் பற்றியும் சொன்னாள், மறைக்கத் தோன்றவில்லை.

"எனக்கு ஒன்னும் ஆவாதுல்லா?"

"ஒன்னும் ஆகாது அண்ணாச்சி. உங்ககிட்ட இருக்கிறதைப் பாத்து எழுதிக்கிடுதேன், அவ்வளவுதான். உங்களுது உங்ககிட்டயே இருக்கும்."

"அப்பம் வைங்க. ஒரு உசுரு பொழைக்கும்னா எனக்கென்ன நட்டம்?" சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

கருவி கீச்சிட்டது. திரையில் நாற்பத்தோராயிரம் வரிகள். நான்காம் வருஷத்து நிரல், அப்படியே, கைபடாமல். அவள் வரிகளை ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். அப்போது ஏதோ கேட்டார் மாடக்கண்ணு. உங்கள் அண்ணனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது கருவி இன்னொரு முறை கீச்சிட்டது. காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. சந்தோஷத்தில் கருவியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இனிமே வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆஸ்பத்திரிக்கு வாங்க அண்ணாச்சி" என்றாள் கிளம்பும்போது.

"பாப்போம் தாயி" என்றார். வருகிற ஆள் சொல்லும் 'பாப்போம்' இல்லை அது என்று இருவருக்கும் தெரியும். தன் போன் நம்பரை எழுதிப் பேச்சித்தாயிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று நாள் ரப்பர் இதயத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த நிரலை அண்ணனுக்குக் கொடுத்தாள். அந்த வாரப் புதன்கிழமையிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் மாடக்கண்ணுவின் நிரல்தான். கிடங்கின் பழைய விதியையும் அழித்தாள். பட்டியலில் மாடக்கண்ணுவின் வரியைத் திருத்த வேண்டும் என்று நினைத்தாள், கூட்டத்தில் மறந்துபோனது. பின்னால் செய்துகொள்ளலாம்.

பத்தொன்பதாம் நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மாவு மில்லில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அரிசி கொட்டினார், மாவு அள்ளினார், வந்தவர்களிடம் வம்பளந்தார். "என்னட்டி, என்னையத் திருடன் மாதிரி பாத்துக்கிட்டு" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்த புதன்கிழமை காத்திருப்புக் கூடத்தில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவள் பார்த்த காட்சிகளிலேயே அழகானது அதுதான்.

இருபத்தைந்தாம் நாள் காலை சொரிமுத்துவே அவளுடைய அறைக்கு வந்தார். நோயாளியாக இல்லை, கையில் ஒரு துணிப்பை.

"புட்டுக்கு வறுத்து அரச்ச மாவு. அந்தப் பந்தல்காரருக்கு" என்றார். "நாளைக்கு அவரு ஊருக்குப் போயி, காலுல விழுந்துட்டு வரணும். நீயும் வாட்டி."

"போவோம் அண்ணே."

போன் அடித்தது. தெரியாத எண்.

"டாக்டரம்மாவா?" பேச்சித்தாயின் குரல். அழுது அழுது ஓய்ந்துபோன குரல். "ஒங்க நம்பரு தாளு இப்பத்தான் கையில ஆப்பிட்டுது. அவிய போயிட்டாவ தாயி. முந்தாநேத்து."

செண்பகவல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீங்க வந்துட்டுப் போயி மூணு வாரம் இருக்கும். நெஞ்சுக்குள்ள என்னமோ துள்ளுதுன்னாவ. மறுநா படபடன்னு வருதுன்னாவ. ஆஸ்பத்திரிக்குப் போவோம், ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். நல்லாத்தான் இருக்கேன், வெயிலுல நின்னது, சரியாயிரும்னாவ. ஒரு வாரமும் அதையேதான் சொன்னாவ. பந்தலுக்கு மேல ஏறுனவிய..." குரல் உடைந்தது. "நீங்க பாத்தப்ப நல்லாத்தான தாயி இருந்தாவ? நீங்க பாத்தியல்லா?"

"நல்லாத்தான் இருந்தாங்க" என்றாள் செண்பகவல்லி. அதற்கு மேல் சொல்ல வேண்டியதை அந்தப் போனில் அவளால் சொல்ல முடியவில்லை.

கைக்கருவியை எடுத்து, அன்றைய பதிவைத் திறந்தாள். இரண்டே வரி. 'நிரல் எடுக்கப்பட்டது.' அதற்குக் கீழே: 'கிடங்கு பதில் இல்லை. கையிருப்பிலிருந்து கொடுக்கப்பட்டது.'

கரண்ட் போன காலத்தில் அவள் கையாலேயே எழுதிய மூன்று வரி. கிடங்குக்குத்தான் பூட்டுப் போட்டாள், கருவிக்குப் போடவில்லை. மலையடிவாரத்தில் கருவிக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. தன்னிடம் கடைசியாகத் தங்கியிருந்த சேட்டைக்கார நிரலைக் கருவி கொடுத்துவிட்டது, நியாயமாக. அது பத்தொன்பதாம் நாள் தட்ட ஆரம்பித்திருக்கிறது. ஆள் வரும்வரை தட்டும் என்று வளர்ந்தது அது. அவரோ வருகிற ஆள் இல்லை.

"யாருட்டி போன்ல?" என்றார் சொரிமுத்து. "முகம் ஏன் இப்படிப் போச்சு?"

அவள் கணினியில் பட்டியலைத் திறந்தாள். நடந்ததை எங்காவது பதிய வேண்டும். கை அதைத்தான் தேடியது. மாடக்கண்ணு, வயது, ஊர், கருவி எண். கடைசிக் கட்டத்தில், மூன்று வருஷத்துக்கு முன்னால் கிடங்கு தானாகப் போட்ட சொல் அப்படியே இருந்தது: இறந்தவர்.

அண்ணன் மாவுப் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடைய இதயம் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. அந்த வரியில் திருத்த எதுவும் இல்லை.